தங்கையை ஆட்டி வைத்தவள்

என் கால் கொஞ்சம் பெரிய கால். பெண்கள் செருப்புக் கடையில் என் அளவுக்குக் கிடைக்காது. ஆண்கள் பக்கம் போய்த்தான் வாங்குவேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நடன வகுப்பில் ஆண் பங்கை நான் ஆடியதற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது. நீங்கள் பெரிய பெரிய காரணமாகத் தேடி அலைய வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உட்காருங்கள் மேடம். உட்காருவதற்கு முன்னால் அந்த ஸ்டூலைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிடுங்கள். திரைச்சீலைக் கடையில் ஊசி எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றால் பேசிக்கொண்டே இந்தத் துணியை வெட்டி முடித்துவிடுகிறேன். நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவது போவதுதான்; அதற்காக ஒரு வீட்டு ஜன்னல் மொட்டையாக நிற்கக் கூடாது அல்லவா.

இந்தக் கடையில் நான் அளப்பேன், வெட்டுவேன். என் தங்கை தைப்பாள். நான் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தால் அவள் மிஷின் அந்தக் கோட்டின் மேலேயே ஓடும். கோட்டை விட்டு ஒரு நூல் விலகாது. வீட்டிலும் அப்படித்தான். அம்மா போனபோது அவள் பால்பல் விழாத குழந்தை. நான்தான் குளிப்பாட்டினேன், தலை சீவினேன், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். அவளைப் பொடிசு என்று கூப்பிடுவேன். நாற்பதைத் தாண்டிய பிறகும் அவள் பொடிசுதான். அவள் காலையில் எந்தச் சேலை கட்ட வேண்டும் என்று நான்தான் எடுத்து வைப்பேன். 'தங்கச்சிய ஆட்டி வைக்கிறா' என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். சேலை எடுத்து வைக்க ஆள் இல்லாதவர்கள் வயிற்றெரிச்சலில் பேசுவது அது.

ஒருநாள் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர் ஒருவர் கடைக்கு வந்தார். ஒரே கட்டையை நாள் முழுக்கத் தட்டுகிறார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டாராம். சத்தம் வெளியே போகாமல் கனமான திரை வேண்டும் என்றார். நான் துணி எடுக்க ஏணியில் ஏறி இறங்குவதற்குள் பொடிசும் அவரும் எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரைத் துணியைப் பற்றி அவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அன்று சாயங்காலம் சாப்பிடும்போது பொடிசு மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, டான்ஸ் கிளாஸ் ஒண்ணு நடக்குதாம். ஃபாக்ஸ்ட்ராட்."

"அது என்ன கண்றாவி?"

"ஜோடியா ஆடறதுதான்க்கா. பாத்தா சும்மா நடக்கற மாதிரிதான் இருக்குமாம். ஆனா அழகா இருக்குமாம்."

"நடக்கறதுக்கு எதுக்குடி கிளாஸு? நான்தான் சின்ன வயசுலயே உனக்கு நடக்கக் கத்துக் குடுத்துட்டேனே."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "நான் சேந்துட்டேன்க்கா" என்றாள். என்னைக் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அது. நான் கோபப்படவில்லை. கோபப்படுகிறவள் இல்லை நான். நானும் சேர்ந்துகொண்டேன்.

வகுப்பு நடந்த கூடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய மரத்தரை, ஒரு பக்கம் மேடை, எதிர்ப்பக்கம் ஆள் உயரக் கண்ணாடி. சொல்லிக்கொடுக்கும் அம்மாள் பல வருடம் நீச்சல் பயிற்சியாளராக இருந்தவர். எல்லாரும் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் இன்னும் விசில் தொங்கும். யாராவது தப்பான காலை எடுத்து வைத்தால் தண்ணீரில் முங்கிவிட்டதுபோல ஊதுவார். முதல்நாள் எல்லாரையும் எண்ணிப் பார்த்தார்.

"ஆம்பளைங்க பத்தல. உயரமா இருக்கறவங்க யாராச்சும் லீட் பண்ணுங்க." அவர் பார்வை என் முகத்திலிருந்து காலுக்கு இறங்கியது. அங்கேயே நின்றது. "அக்கா, நீங்க லீட்."

இந்த நடனம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லீட் பண்ணுகிறவர் முன்னோக்கி நடப்பார். ஃபாலோ பண்ணுகிறவர் அவரைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார். மெதுவாக இரண்டு அடி, சட்சட்டென்று இரண்டு அடி. அவ்வளவுதான் ஆட்டம். லீட் பண்ணுகிறவரின் வலது கை மற்றவர் தோள்பட்டையின் பின்பக்கம் இருக்கும். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கை வழியாகத்தான் போகும்.

கோச் அன்று சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "ஃபாலோ பண்றவங்களுக்கு முதுகுல கண்ணு கிடையாது. நீங்கதான் அவங்களுக்குக் கண்ணு. அவங்க செவுத்துல போய் மோதினா, தப்பு அவங்களோடது இல்ல, உங்களோடது."

எனக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போயிற்று. இத்தனை வருடம் நான் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்த வேலைக்கு ஒரு பாட்டும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஆனால் ஆட்டம் எனக்கு வரவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும். பொடிசைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கூடத்தைச் சுற்றி வந்தால் விசில் ஓயாது.

"அக்கா, இழுக்காதீங்க. அது அலமாரி இல்ல, உங்க தங்கச்சி."

"இழுக்காம எப்படி கோச் அவளுக்குத் தெரியும்?"

"நெஞ்சால சொல்லுங்க. நீங்க முதல்ல கிளம்புங்க, அவங்க தானா வருவாங்க. தள்ளவே கூடாது. கூப்பிடணும்."

நெஞ்சால் பேசிப் பழக்கமில்லை எனக்கு. வாயாலேயே எல்லாக் காரியமும் நடந்துகொண்டிருந்தது. பொடிசும் என் கையில் விறைத்துப்போய், நான் நினைப்பதற்கு முன்னாலேயே காலை எடுத்து வைப்பாள். 'முந்திக்காதீங்க' என்று கோச் அவளையும் திட்டுவார். என் முகத்தைப் பார்த்தே என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் பழகியவள். முந்தாமல் என்ன செய்வாள்.

ஜோடியை மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள் அவ்வப்போது. பொடிசு அதே வகுப்பில் இருந்த சுருதிக்காரரிடம் போனாள். மேடம், அதை நான் கண்ணாடியில்தான் பார்த்தேன். நேராகப் பார்க்கவில்லை. யாரோ ஒரு பெண் நன்றாக ஆடுகிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் சேலையை அடையாளம் கண்டேன். காலையில் நான் எடுத்து வைத்த சேலை. அவள் முதுகு துணி மடிப்புப்போல இளகியிருந்தது. அவருடைய கை அவள் தோளில் இருப்பதே தெரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு.

சுருதிக்காரர் கெட்டவர் இல்லை. இதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஃபாலோ பண்ணத் தெரியாதவனுக்கு லீட் பண்ண வராது என்று அவருக்கு ஒரு கொள்கை. ஒருநாள், "இன்னைக்கு நீங்க என்னைக் கூட்டிட்டுப் போங்கக்கா" என்று என் கையில் தன்னை ஒப்படைத்தார். இடம் போதாமல் பாதிப் பேர் மேடையில் ஆடினோம். மேடை விளிம்பு ஒரு பக்கம், பின்சுவரில் கதவில்லாத ஒரு திறப்பு. அந்தத் திறப்பிலிருந்து படிகள் நேராகக் கீழே சாமான் அறைக்கு இறங்கும். யாரும் விழுந்துவிடக் கூடாது என்று கோச் குறுக்கே ஒரு பெஞ்சு போட்டிருப்பார். நான் அவரை எதன்மேலும் இடிக்காமல் சுற்றிக் கூட்டி வந்தேன். "உங்களுக்கு இடத்தோட அளவு கண்ணுலயே இருக்குக்கா" என்றார். இருக்கும்தானே. வாழ்நாள் முழுக்க ஜன்னல் அளந்தவள் நான்.

அந்தப் பேச்சுக்கு நான் என்ன விலை கொடுக்க வேண்டியதாயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு வகுப்பில் கோச் எல்லாரையும் பங்கு மாற்றி ஆடச் சொன்னார். லீட் பண்ணியவர்கள் ஃபாலோ, ஃபாலோ பண்ணியவர்கள் லீட். பொடிசு வந்து என் தோளில் கை வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பாட்டு ஆரம்பித்தது. முதல் சுற்றில் அவள் காலை மூன்று நான்கு தடவை மிதித்திருப்பேன். இந்தக் காலால் மிதிபட்டால் எப்படி இருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அவள் கொஞ்சம் நின்றாள். மூச்சு விட்டாள். அப்புறம் கிளம்பினாள்.

நான் போனேன்.

எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. என்னை யாரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. என் கால் பின்னால் போயிற்று, அங்கே தரை இருந்தது. அடுத்த காலும் போயிற்று, அங்கேயும் இருந்தது. மூலையில் திரும்ப வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, திரும்பியிருந்தேன். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அடுத்து என்ன என்று நான் யோசிக்காமல் இருந்தது அந்த அரைப்பாட்டு நேரம்தான். நன்றாகத்தான் இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது.

அப்போதுதான் அவள் காதருகில் சொன்னாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கால நிறுத்தாத."

"சொல்லுடி."

"அவருக்கு வேற ஊர்ல வேலை கெடைச்சிருக்கு. சங்கீதப் பள்ளிக்கூடத்துல. நானும் கூடப் போறேன்."

"போயிட்டு எப்ப வருவ?"

"வர்றதுக்கு இல்லக்கா. போறேன்."

நான் காலை நிறுத்தவில்லை. நிறுத்தும் பொறுப்பு என்னிடம் இல்லையே. லீட் பண்ணியது அவள். பாட்டு முடியும் வரை போய்க்கொண்டே இருந்தேன். முடிந்ததும் கன்னத்தைத் தட்டி, "நல்லா இரு" என்று வாழ்த்தினேன். பொடிசு அழுதுவிட்டாள். நான் ஆடாமல் அசையாமல் நின்றேன்.

முன்னாலும் இரண்டு பேர் அவளைக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருவர் மருந்துக்கடைக்காரர், இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவர். அவர்களை அனுப்ப வாய்ப்பேச்சே போதுமானதாக இருந்தது. ஒருவரிடம் அவளுக்கு வலிப்பு வரும் என்றேன். மற்றவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவரைப் பற்றிப் பொடிசிடம் ஒன்றிரண்டு கட்டிச் சொன்னேன். சுருதிக்காரர் விஷயம் அப்படி இல்லை. அவளே தைரியம் வந்து சொல்லிவிட்டாள். வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று.

நான் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். இவள் வேறு ஊர் போய் என்ன செய்வாள்? பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பவள். மழை வரும் என்று நான் சொன்னால்தான் குடை எடுப்பாள். இப்படிப்பட்டவளை முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தால் நான் என்ன அக்கா? அவளைத் தடுக்க முடியாது. சரி. அவள் காலைத் தடுக்கலாம். இது கோபத்தில் எடுத்த முடிவு இல்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

வகுப்புக்காரர்கள் குடும்பத்தாருக்கு ஆடிக் காட்டப் போகிறோம் என்று கோச் அறிவித்தார். மேடையின் பின்சுவர் காரை பெயர்ந்து அசிங்கமாக இருக்கிறதே என்று கவலைப்பட்டார். "திரை நான் தைச்சுத் தர்றேன் கோச்" என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டார். கரும்பச்சை வெல்வெட், சுவர் முழுக்க, தரை வரை. பொடிசுக்கு மூட்டை கட்டும் வேலை இருந்ததால் அதை நானே தைத்தேன். என் தையலைப் பார்த்தால் நீங்கள் குறை சொல்ல மாட்டீர்கள்.

திரை என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. துணி மட்டும் இல்லை அது. கீழ் மடிப்புக்குள்ளே ஈயமணி கோத்த கயிறு ஒன்று ஓடும். அந்தக் கனம்தான் திரையை நேராக நிறுத்துகிறது. கனமுள்ள திரையில் முதுகு பட்டால் அது திருப்பி இடிக்கும்; இடித்ததும் ஆள் நின்றுவிடுவார். கனம் இல்லாத இடம் கதவு மாதிரி விலகிக் கொடுக்கும். நான் அந்தத் திறப்புக்கு நேராக இரண்டு பாகத்தைச் சேர்த்துத் தைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக விட்டேன். அந்த இடத்தில் மட்டும் மணிக்கயிறு வைக்கவில்லை. திரை மாட்டிய அன்று, "இனிமே இந்த பெஞ்சு எதுக்கு, திரைய முட்டிக்கிட்டு நிக்குது" என்று நான்தான் எடுத்து ஓரமாகப் போட்டேன். கோச் நன்றி சொன்னார்.

படிகளின் அடியில் பழைய திரைத்துணி மூட்டைகளைக் கொண்டுபோய் அடுக்கினேன். எல்லாரும் அதைச் சாமான் என்று நினைத்தார்கள். அது தலைக்காக. தலையில் அடிபடக் கூடாது என்பதில் நான் மிகவும் கவனமாக இருந்தேன். எனக்குக் கால் போதும்.

ஆடிக் காட்டுவதற்கு முந்தின நாள் காலையில் ஒத்திகை. "நீ போறதுக்கு முன்னாடி அக்காவோட ஒரு ஆட்டம்" என்று கேட்டேன். பொடிசு முகம் மலர்ந்து வந்தாள். கோச் ஒலிபெருக்கியின் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சுருதிக்காரர் கீழே உட்கார்ந்து ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

ஏனென்றால் அன்றைக்குத்தான் எனக்கு ஆட்டம் வந்தது. அவளை இழுக்கவில்லை. தள்ளவில்லை. நெஞ்சால் சொன்னேன். அவள் வந்தாள். விறைப்பே இல்லை. முந்திக்கொள்ளவும் இல்லை. மேடையை ஒரு முழுச் சுற்று வந்தோம். இரண்டாவது சுற்றில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுருதிக்காரரிடம் மூடியதுபோலவே. அவளைத் திரையைப் பார்க்கத் திருப்பாமல், முதுகு திரைப்பக்கம் வரும்படி மூலையில் ஒரு திருப்பம் கொடுத்தேன். கஷ்டமான திருப்பம். சுத்தமாக விழுந்தது. மெதுவாக ஓர் அடி. மெதுவாக இன்னோர் அடி. வெல்வெட் விலகியது.

கையை விட்டுவிட்டேன். பிடித்துக்கொண்டிருந்தால் நானும் சேர்ந்து போயிருப்பேன். இரண்டு பேரும் படுத்துவிட்டால் அப்புறம் அவளை யார் பார்த்துக்கொள்வது?

அவள் கத்தவில்லை. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டைகள் தம் வேலையைச் செய்திருந்தன. தொடை எலும்பு முறிந்திருந்தது. கம்பி வைத்துச் சேர்த்தார்கள். நடப்பாள், ஆனால் ஒரு கால் கொஞ்சம் குட்டையாக இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம்தான். துணியானாலும் எலும்பானாலும் வெட்டும்போது ஒரு விரற்கடை கூடக் குறைய ஆகிவிடுகிறது.

ஆஸ்பத்திரியில் நான்தான் ஊட்டினேன், தலை சீவினேன். பழைய நாள் திரும்பி வந்ததுபோல இருந்தது. சுருதிக்காரரிடம் பக்குவமாகச் சொன்னேன்: "நீங்க கிளம்புங்க, வேலை போயிடப் போகுது. இவள நான் பாத்துக்கறேன்." அவர் ஒரு நாற்காலியைக் கட்டிலின் அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, வர நாளாகும் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் உட்கார்ந்த இடத்தை விட்டு நகரத் தெரியாதவர்.

ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தவர் அவர்தான் என்று தெரியும். அதே மேடையில் நான் அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், பெஞ்சின் நுனிகூட அவர்மேல் படவில்லை, இடம் தெரியாமல் தவறு செய்யும் ஆள் இல்லை அந்த அக்கா என்று சொல்லியிருப்பார். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் மறுக்கவில்லை. ஃபாலோ பண்ணியவருக்கு லீட் பண்ணியவரைப் பற்றித் தெரியாதா?

பொடிசை இன்று காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அவள் அறையைக் கூட்டி, ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டி, சேலை எடுத்து வைத்துவிட்டு டாக்ஸியோடு போயிருந்தேன். அவள் இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றாள். சுருதிக்காரர் பைகளை எடுத்துக்கொண்டு வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அங்க படி இருந்தது உனக்குத் தெரியுமா?"

நான் அவளிடம் பொய் சொன்னதே இல்லை. பூகோளக்காரர் விஷயம் பொய் இல்லை, அது ஏற்பாடு.

"தெரியும்" என்றேன்.

அப்புறம், "நீ அன்னைக்கு மாதிரி என்னைக்குமே ஆடினதில்லக்கா. எனக்கு ஒரு சந்தேகமும் வரல. கண்ண மூடிட்டு வந்தேன்" என்றாள். கட்டையைத் திருப்பி ஊன்றிக்கொண்டு அந்த இன்னொரு வண்டியில் போய் ஏறிக்கொண்டாள். வண்டி புறப்பட்டுப் போயிற்று.

இவ்வளவுதான் மேடம், நான் செய்தது. ஒன்றையும் ஒளிக்கவில்லை. இத்தனை மாதத்தில் என் ஆட்டத்தைப் பாராட்டி ஒருவர் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். அதைச் சொல்லும்போது அவளுக்கு ஏன் உதடு அப்படி நடுங்கியது என்றுதான் தெரியவில்லை. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டிருப்பாள், நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் அப்படித்தான்.